கூடத்தில் நின்ற வண்டி

மார்ச் 3, செவ்வாய்

கம்பெனி வேன் அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பக்கம் வராதாம். என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள். இந்தத் தடத்தில் ஏறுவது அவள் ஒருத்திதான், ஒருத்திக்காக இவ்வளவு தூரம் சுற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மாத்திரை பாக்கெட் போடும் பிரிவில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இங்கே முதல் பஸ் வருவதே ஆறரைக்கு.

"வேற ஷிஃப்ட் கேட்டுப் பாரேன்."

"கேட்டேங்க. இருந்தா இரு, இல்லாட்டி நின்னுக்கோன்னுட்டாரு சூப்பர்வைசர்."

நான் துணிக்கடை வேலை போய் வீட்டில் உட்கார்ந்து நாலாவது மாதம் ஓடுகிறது. இப்போது சம்பளம் என்று வீட்டுக்கு வருவது அவளுடையது மட்டும்தான். அதுவும் நின்றால்?

அவள் அம்மா, என் அத்தை, அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாமா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகப் பேசின.

மார்ச் 5, வியாழன்

அவள் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய சின்ன வண்டி கிடப்பது ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன். "எடுத்துட்டுப் போ மாப்ள. பழைய இரும்புக்காரனே வேணாம்னுட்டான்" என்று சிரித்தார் மச்சான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றி ஓட்டும் அந்தக்காலத்து வண்டி. சீட்டைத் தூக்கினால் உள்ளே எலிக்கூடு, காலி. சங்கிலி துருப்பிடித்து ஒரே கம்பியாகி இருந்தது.

தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு டயரிலும் காற்றில்லை. பாதி வழியில் ஒருவர் நின்று, "என்ன சார், பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

உடம்பெல்லாம் வலி.

மார்ச் 8, ஞாயிறு

வெளியே நிறுத்த இடமில்லை. சந்தில் வைத்தால் நடக்க வழி இருக்காது. ஆகவே வண்டி கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழைய போர்வையை விரித்து அதன்மேல் நிறுத்தியிருக்கிறேன்.

அத்தை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்தே ஒரு கூச்சம், வேலை போனபின் அது இன்னும் கூடிவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொல்வார். இன்றும் அப்படித்தான்: "மாப்பிள்ளை இனிமே கூடத்துல பெட்ரோல் பங்க் வைக்கப் போறாரான்னு கேளு."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

கிக்கர் அசையவே இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா ஆயில் ஊத்தி ஊற வைங்க. கியர்ல போட்டுப் பின்வீலை மெதுவா ஆட்டிட்டே இருங்க. அவசரப்பட்டு ஏறி மிதிச்சுடாதீங்க" என்றார். "கடைக்குக் கொண்டாந்தா நான் பாக்கறேன், ஆனா கூலி வண்டியவிட ஜாஸ்தி ஆயிடும்" என்றும் சொன்னார். நல்ல மனுஷன். வாடகை போக மிஞ்சுவதில்தான் எல்லாமே நடக்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

அசைந்தது! ஒரு விரற்கடை அளவுதான். ஆனால் அசைந்தது.

மார்ச் 11, புதன்

இன்று டேங்க். உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது. வினிகரை ஊற்றி ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். கை ஓய்ந்தது. கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்து மடித்த கைதான் இது, அதற்கு எதுவும் கனமாகத் தெரிந்ததில்லை. இதற்கு வேறு சதை வேண்டும்போல.

டேங்கிலிருந்து வந்த வினிகரை வடிகட்டி மறுபடி ஊற்ற அடுப்படியில் ஒரு வடிகட்டியை எடுத்தேன். அது டீ வடிகட்டி. அத்தை பார்த்துவிட்டார். மகள் வேலைக்குப் போயிருந்தாள், நடுவில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் தவித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே இந்த வீட்ல யாருக்கும் டீ கிடையாது."

சாயங்காலம் டீ வந்தது. புது வடிகட்டி வாங்கியிருக்கிறார். பழையதைக் கழுவி, வண்டி சீட்டின்மேல் வைத்திருந்தார். எனக்காம்.

மார்ச் 13, வெள்ளி

சீட் தைத்து முடித்தேன். மேலே ஒரு கடையில் மிஞ்சிய கறுப்பு ரெக்ஸின் துண்டு. உள்ளே பழைய மெத்தைப் பஞ்சு. கடைத் தையல்காரரிடம் பார்த்துப் பழகியதுதான், வெட்டும்போது கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இந்த வண்டியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான், அதை நன்றாகவே செய்துவிட்டேன். அவள் உட்கார்ந்து பார்த்து, "சோஃபாவைவிட நல்லாருக்குங்க. டிவி பாக்க இதுவே போதும்" என்றாள்.

மார்ச் 14, சனி

கார்புரேட்டரின் சின்ன ஓட்டைகளை டூத் பிரஷ் முடியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். கரண்டு வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பிளக்கை எஞ்சின்மேல் வைத்துக் கிக்கரை அழுத்தினால் — நீலமாக ஒரு பொறி! அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன். வந்து பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். யாரிடம் சொன்னார்? கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

எல்லாம் போச்சு.

காலையிலிருந்து உதைத்தேன். பிடிக்கவில்லை. பிளக் நனைந்துவிடும், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசித் தடவை வாகு தப்பி முறுக்கிவிட்டேன். முதலில் இறுக்கமாகப் போனது, அப்புறம் சட்டென்று இளகி, சும்மா சுற்ற ஆரம்பித்தது. வெளியே எடுத்தால் பிளக்கோடு அலுமினியத் துருவலும் வந்தது. பிளக் திருகி உட்காரும் மரை முழுக்கப் போய்விட்டது.

மெக்கானிக் வந்து எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதற்கு ஹெட் என்று பேர். "இந்த மாடலுக்குப் புது ஹெட் எங்கயும் கிடைக்காதுங்க. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு லேத்துக்காரர் இருக்காரு, ஓட்டைக்குள்ள புஷ்ஷுன்னு ஒரு சின்னக் குழாய் அடிச்சுப் புது மரை போடுவாரு. ஆனா இந்த மாதிரி சில்லறை வேலைன்னா கையில தொடமாட்டாரு."

மாதம் பாதி ஓடிவிட்டது. அவள் வேலைக்கு என்ன செய்வது? ஹெட்டைச் செய்தித்தாள்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து, "சாப்பிடலாமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான்தான் வெடித்துவிட்டேன்.

"என்னால முடியல அத்தை! நான் துணி கிழிக்கிறவன், எனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? உங்க பொண்ணை நல்ல இடத்துல குடுத்திருந்தா அவளுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?"

அத்தை உள்ளே போய்விட்டார். ஏன் அப்படிக் கத்தினேன்? அந்த அம்மா என்ன செய்தார்?

மார்ச் 17, செவ்வாய்

இன்றைய நாளை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.

காலையில் அவளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அத்தை வீட்டில் இல்லை. பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார் என்று இருந்தேன். வெகுநேரமாகியும் காணோம். வெளியே போகும்போது கட்டும் புடவை கொடியில் இல்லை. கூடையும் இல்லை. சரி, கோபித்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். போனில் கூப்பிட்டேன். மணி அலமாரிக்குள்ளிருந்து அடித்தது. பக்கத்திலேயே பிரஷர் மாத்திரை. இன்றைக்குப் போட வேண்டியது அப்படியே இருக்கிறது.

மச்சானைக் கூப்பிட்டேன். "இங்க வரலையே மாப்ள. ஏன், என்னாச்சு?" என்றார்.

என்ன சொல்வேன்? உங்கள் அம்மாவிடம் நான் கத்தினேன் என்றா? பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பார்த்தேன். மார்க்கெட்டில் அதே நிறப் புடவை கட்டிய ஓர் அம்மாவின் பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குச் சொல்லவும் முடியாது, வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வந்ததும் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாவி என்னிடம் இருந்தது. முகமெல்லாம் வெயில். காலடியில் கூடை.

"எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை? எவ்ளோ நேரமா உக்காந்திருக்கேன்" என்கிறார் என்னைப் பார்த்து!

நானும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை கூடையிலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஹெட். புது மரை, பளபளவென்று.

காலை முழுக்க அது செய்தித்தாள்மேல் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"மெக்கானிக்கு உங்ககிட்ட சொன்னதைக் கேட்டுட்டுதானே இருந்தேன். விசாரிச்சு, ரெண்டு பஸ் மாறிப் போனேன். மாப்பிள்ளையோட தலையைக் கொண்டாந்திருக்கேன், சரி பண்ணிக் குடுங்கன்னேன். அந்த ஆளு வெலவெலத்துட்டான். துண்டைப் பிரிச்சுக் காட்டினப்புறம்தான் உயிர் வந்துச்சு அவனுக்கு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் வரச் சொன்னாராம் லேத்துக்காரர். அத்தை சரியென்று சொல்லிவிட்டு, கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாராம். வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கப்புறம்தான் நீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மூன்றாவது ஆளிடமும் அப்படிச் சொன்னதும், லேத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு இதை எடுத்தாராம்.

தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தேன். "நேத்து நான் பேசினது தப்பு அத்தை" என்றேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நல்ல இடம்னு பாத்துதான் குடுத்தேன். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நீங்களா எதையாவது நெனச்சுக்காதீங்க."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மார்ச் 19, வியாழன்

சங்கிலி, பிரேக் ஷூ, கிளட்ச் ஒயர் எல்லாம் பழைய சாமான் கடையில் வாங்கி மாற்றியாயிற்று. டயர் மட்டும் புதிது, அதில் கை வைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஹெட்டை மாட்டும்போது அத்தை பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று எனக்குமேல் பயந்தார். பிளக்கை விரலாலேயே முறுக்கினேன், கடைசியில் மட்டும்தான் ஸ்பேனர்.

மார்ச் 21, சனி

பிடித்தது.

சந்தில் தள்ளிப்போய் உதைத்தேன். இருமியது. மறுபடி. ஒரு வெடி, வெள்ளைப் புகை, அப்புறம் — ஓட ஆரம்பித்துவிட்டது! அணைந்துவிடுமோ என்று ஆக்சிலேட்டரை விடவே பயம். சந்து முழுக்கப் புகை. எதிர் வீட்டு மாடியில் காய்ந்த துணிகளை ஓடிவந்து எடுத்தார்கள், திட்டிக்கொண்டே. நான் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

வேனிலிருந்து இறங்கி வந்தவள் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள். பையைத் தோளில் மாட்டியபடி, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு. "யார் வீட்டு வண்டியோன்னு நெனச்சேங்க" என்றாள். அப்புறம் அம்மா தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். இத்தனை நாள் ஒரு சொட்டு அழாதவள்.

மார்ச் 22, ஞாயிறு

பெட்ரோல் புகையில் வீடு மூன்று நாளாவது நாறும். அத்தை ஜன்னல்களைத் திறந்து வைத்ததோடு சரி.

மார்ச் 26, வியாழன்

மச்சான் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அடேயப்பா, நம்ம வண்டியா இது! பெரியவனுக்குக் காலேஜ் போக ஒண்ணு பாத்துட்டிருந்தேன்..." என்று இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டி அவர் பேரில்தான் இருக்கிறது. சும்மா கொடுத்தவர் கேட்டால் எந்த வாயால் இல்லை என்பது? அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தைதான் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். "நீ குடுத்தது எலிக்கூடு. அது வேணும்னா இன்னொண்ணு கட்டித் தரச் சொல்றேன், எடுத்துட்டுப் போ. இது என் மாப்பிள்ளை வண்டி. பேரை மாத்திக் குடுக்க எப்ப வரே?"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, நான்தாம்மா உம்புள்ள!"

"இல்லேன்னு யாரு சொன்னா? டீ ஆறுது, குடி."

மார்ச் 30, திங்கள்

பேர் மாற்றியாயிற்று. இன்ஷூரன்ஸும் கட்டியாயிற்று. மச்சான் தானே முன்னால் நின்று முடித்துக் கொடுத்ததோடு எங்களுக்கு இரண்டு ஹெல்மெட்டும் வாங்கித் தந்தார். அவர் மனசில் கல்மிஷம் இல்லை. ஆசை யாருக்குத்தான் வராது?

ஏப்ரல் 1, புதன்

முதல் நாள். விடியுமுன் கிளம்பினோம். ரோடு காலி. பால் வண்டிகள் மட்டும். பாதி வழியில் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. பயந்துபோய் ஓரங்கட்டினேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. தூங்கிட்டேன்."

தூங்குகிறாள்! இதன்மேல், என் பின்னால் உட்கார்ந்து! திட்டத்தான் வாயெடுத்தேன். திட்ட வரவில்லை. "கெட்டியா புடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். கேட்டில் மணி ஆறாகக் கொஞ்சம் நேரம் இருந்தது. சூப்பர்வைசர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

தினமும் போய் வருகிறோம். திரும்பி வரும் வழியில் திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள். நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அத்தை பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார். எங்களோடு வந்த நாளிலிருந்து வண்டி வேலை நடந்த போன மாதம் தவிர ஒவ்வொரு மாதமும் அங்கே போய்ப் பத்து நாளாவது இருந்துவிட்டு வருவார். பஸ்ஸில்தான் போவார். இன்று புடவையைச் சரிசெய்துகொண்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். நான் ஸ்டார்ட் செய்தேன்.

முதலில் சீட்டின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வேகத்தடையில் கை என் தோளுக்கு வந்தது. அதன்பின் எடுக்கவில்லை. "அந்த லாரி பக்கம் போகாதீங்க", "குழி இருக்கு பாருங்க" என்று வழியெல்லாம் பேச்சு. இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தார்போல.

மச்சான் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். பையை வாங்கிக்கொண்டு இரண்டு படி ஏறியவர் திரும்பி வந்தார்.

"செவ்வாக்கிழமை கடைலேர்ந்து வரும்போது என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க மாப்பிள்ளை. ரெண்டு நாளுக்கு மேல எனக்கு இங்க இருப்புக் கொள்ளாது."