ஒரே படிகத்தில் குடித்தனம்

சந்தேகப் பிராணிக்கு,

ஜெயித்துவிட்டேன். இதை முதலில் படித்துவிட்டு, பிறகு மூச்சு விடு.

நீ "கழிவு" என்று கோபத்தோடு எழுதிவைத்த டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. அதிலிருந்த யுரேனியச் சேர்மப் படிகத்தை, உன் கை வளர்த்த அந்தக் கடுகளவுக் கறுப்பியை, முந்தாநாள் குளிர்கலனில் இறக்கினேன். அரை கெல்வின் குளிரில் மின்தடை பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. மீக்கடத்தல்! காந்தத்தன்மையோ போகவே இல்லை, அப்படியே இருந்தது.

"ஒயர் கழண்டிருக்கும், போய்ப் பாரு" என்று நீ சொல்வது காதில் கேட்டது. பார்த்தேன். வெள்ளிப் பசையைச் சுரண்டி, நான்கு ஒயரையும் புதிதாக ஒட்டி, மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் பூஜ்யம்தான். திட்டத்தை மூடக் காத்திருந்த இயக்குநர், "இன்னொரு தரம் காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நம் கடைசிச் சண்டையில் என்ன சொன்னாய்? "காந்தமும் மீக்கடத்தலும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணாது. ஒண்ணு வந்தா இன்னொண்ணு பெட்டியைக் கட்டிடும்." மறுநாள் நீதான் பெட்டியைக் கட்டினாய்.

பண்ணுகின்றன, ஐயா! ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் ஒரே படிகத்தில் இருக்கின்றன.

ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட நேரில்தான் வர வேண்டும். தபாலில் அனுப்பக்கூடாதா என்று கேட்காதே.

வீட்டுப் பூட்டை நான் மாற்றவில்லை.

இப்படிக்கு,
பெட்டியைக் கட்டாதவள்