கரண்டியால் மட்டும்

என் அன்பிற்குரியவளுக்கு,

உன் அக்கா வீட்டுக்கு அனுப்பியுள்ள டப்பாக்களில் மேலே இருப்பது குழைய வேகவைத்த பருப்பு. நடுவில் மசித்த உருளைக்கிழங்கு. கட்டி தங்காதபடி வடிகட்டியில் தேய்த்திருக்கிறேன். அடியில் தயிர். எதையும் நன்றாக ஆறிய பின்பே, கரண்டியால் மட்டுமே சாப்பிடவும்.

இவையெல்லாம் பல் மருத்துவர் கொடுத்த தாளில் உள்ளன. கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்த அன்று, "ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாமாங்க?" என்று நீ கேட்டாய். "தாள்ல அப்படித் தடை ஒண்ணும் இல்லை" என்றேன். அந்தத் தாள் அப்போது என் கட்சிக்காரர் ஒருவரின் வழக்குக் கோப்புக்குள் மடித்தபடி கிடந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை.

நான்காம் நாள், வலியில் துடித்த உன்னைத்தான் மருத்துவர் கடிந்துகொண்டார்: "உறிஞ்சினா புண்ணுல உறைஞ்ச ரத்தம் பெயர்ந்துடும், கூடாதுன்னு எழுதியே கொடுத்தேனேம்மா. வக்கீல் வீட்டுலயே படிக்க ஆள் இல்லையா?"

வாய் நிறையப் பஞ்சோடு நீ என்னைப் பார்த்தாய். நான் அவர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் பல்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே நீ அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்று காலை அவரிடம் சென்று, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். "இதை அவங்க முன்னாடி சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

புதன்கிழமை மறுபரிசோதனைக்கு உன்னுடன் வர அனுமதிப்பாயா? நீ இருக்கும்போது அவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டும்.

தாளையும் வைத்திருக்கிறேன். நீயே படித்துக்கொள், என் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத
உன் கணவன்