எந்தக் கோர்ட்டின் வழக்கு

மார்ச் 12, வியாழன். ரவுண்ட் ராக், டெக்சாஸ்.

மதியம் வக்கீல் கீதா கூப்பிட்டாள். "அக்கா, நாம ஜெயிச்சுட்டோம். கேஸ் ஸ்டேட் கோர்ட்லதான் நடக்கணும்னு ஃபெடரல் ஜட்ஜ் திருப்பி அனுப்பிட்டாரு."

என் கணவர் முரளியின் புற்றுநோய் மருந்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தபோது நாங்கள் போனது ஸ்டேட் கோர்ட்டுக்கு, அதாவது மாநில நீதிமன்றத்துக்கு. நிலைமையைப் பார்த்து அந்த நீதிபதி உடனே விசாரணைக்கு நாள் குறித்தார். அதற்குள் கம்பெனி வழக்கை மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. யார் விசாரிப்பது என்றே மாதக்கணக்கில் வாதாடினார்கள். மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "இன்னிக்காவது ஏதாவது சொன்னாங்களா?" என்று முரளி தினமும் கேட்பார். தீபாவளிக்கு முன்னால் போய்விட்டார்.

"இப்ப என்ன கேக்கறது கீதா?"

"மருந்து கேட்ட கேஸ் இனிமே நிக்காதுக்கா. வேணும்னா நஷ்டஈடு கேக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு வேறொன்றுதான் கேட்கத் தோன்றியது. "அந்தத் தீர்ப்புல அவரைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தேடினாள், பாவம்.

"மேல தலைப்புல பேரு இருக்குக்கா. அவ்வளவுதான்."