பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மார்ச் 4
காலையில் வழக்கம்போல் நூறு பேர் தோளோடு தோள் வரிசை கட்டி, விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளத்தை முனையிலிருந்து முனைவரை குனிந்தபடி நடந்தோம். கிடைத்தவை ஒரு வாஷர், ரெண்டு கம்பித் துண்டு, யாரோ பல் குத்திப் போட்ட குச்சி. விமான எஞ்சின் எதையும் இழுத்து விழுங்கிவிடும். பழைய கப்பலில் ஒரே ஒரு போல்ட்டை விழுங்கிய எஞ்சினைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் நான் பொறுப்பாளனாக இருக்கும் இந்தக் கருவி அறையில் யாரோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. கொடுத்த கருவியெல்லாம் திரும்பி வந்தால்தான் விமானம் கிளம்பும். "கப்பல்ல கேப்டன் ஒருத்தர்தான்னு நெனச்சேன்" என்று நெட்டை கிண்டலடித்தான். மெக்கானிக். வேலை தெரிந்தவன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மார்ச் 9
இந்த வாரம் இரண்டாவது தடவையாகப் பறப்பை நிறுத்தினேன். காணாமல் போன டார்ச் ஒருவன் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரம் வீண். ஓடுதள அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இதென்ன கப்பலா, உங்க பாத்திரக் கடையா?" சிரிக்காத ஆள் இல்லை. மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது ஏறுவதற்கு வேறு கப்பல்கூட இல்லை.

மார்ச் 11
நெட்டையின் பெட்டியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லை. எஞ்சின் வாய்க்குள் தலையை விட்டு வேலை பார்த்திருக்கிறான். "கட்டில்ல இருக்கும்ணே, சாப்பிடப் போனப்ப வெச்சிருப்பேன்." மேலே அதே விமானம் தயார். அதிகாரி ஃபோனில் கத்துகிறார். அன்றைய சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டேன்.

போட்டேன். நான்தான் போட்டேன்.

கிளம்பிப் பத்து விநாடிகூட ஆகவில்லை, எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் கடலில். விமானி இருக்கையோடு வெளியே எகிறி பாராசூட்டில் இறங்கினாள். ஹெலிகாப்டர் தூக்கி வந்தது. உயிர் இருக்கு. கழுத்துல அடி, ஆனா உயிர் இருக்கு.

மார்ச் 12
நெட்டையும் நானும் அவன் கட்டிலைத் தலைகீழாகப் புரட்டினோம். மெத்தை உறை, ஷூ, சோப்பு டப்பா — இல்லை. நெட்டை தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மார்ச் 20
விசாரணை. என்னிடம் ஒரே கேள்வி. "கருவியெல்லாம் வந்துச்சா?" "வந்துச்சு சார்." அதே ஓடுதள அதிகாரி குறுக்கே சொன்னார்: "இவர் கையெழுத்துன்னா சந்தேகமே வேண்டாம் சார்." இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 27
தீர்ப்பு வந்துவிட்டது. கடல் ஆழம், விமானத்தை எடுக்க முடியாது. எரிபொருள் சரி, கருவிகள் சரி. ஆகவே விமானியின் கைதான் எஞ்சின் லீவரைத் தவறாக இழுத்திருக்க வேண்டும். இனி அவள் பறக்கக் கூடாது.

ஏப்ரல் 2
மருத்துவ அறைக்குப் போனேன். கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தாள். என் மகளைவிட ஆறேழு வயசு கூட இருக்கும். "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லண்ணா. கை லீவர் மேலதான் இருந்துச்சு. நான்தான் இழுத்துட்டேனோ? இத்தனை பேர் சொல்றாங்களே, பொய்யா சொல்வாங்க?"
"ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றேன். தூ! நானெல்லாம் ஒரு மனுஷன்.

ஏப்ரல் 3
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14
துறைமுகம். மனைவியிடம் ஃபோனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நம்ம பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்குங்க" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணைப் பெத்தவளும் ஒருத்தி இருப்பால்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். என்ன செய்யச் சொல்கிறாள்?

மே 5
'தவறு என்னுடையதே' என்று அந்த விமானிப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இல்லாத தப்பை ஒப்புக்கொள்ள அவளுக்குத் தைரியம் இருக்கிறது. இருக்கிற தப்பைச் சொல்ல எனக்கு இல்லை.

மே 6
விசாரணை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். போகும் முன் "என் பேரை இழுத்துடாதீங்கண்ணே" என்று நெட்டை கையைப் பிடித்தான். கையெழுத்து என்னுடையது, பதிலும் நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். "இவ்வளவு நாள் ஏன்யா வாயைத் திறக்கலை?" என்று கேட்டார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 17
தீர்ப்பைத் திருத்திவிட்டார்கள்: 'காரணம் தெரியவில்லை.' அவள் மறுபடி பறக்கலாம். எனக்குப் பதவி இறக்கம், கரையில் உடுப்புக் கிடங்கில் வேலை. குறைந்த தண்டனைதான். அவள் பறப்பாள் என்று நினைத்து ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19
இன்று கிடங்குக்கு அவள் வந்தாள். புது உடுப்பு வாங்க வந்திருக்கிறாள் என்று சந்தோஷமாக எழுந்தேன். பையிலிருந்து ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். திருப்பிக் கொடுக்கிறாளாம்.

"ரெண்டு தடவை ஏறி உக்காந்தேண்ணா. லீவரைத் தொட்டாலே கை நடுங்குது. இந்தக் கைதான் தப்பு பண்ணுச்சுன்னு நாப்பது நாள் நம்பிட்டேன். இப்போ இல்லைன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன்.

"சொன்னீங்களே, அதுவே பெருசு" என்றாள். கோபமே இல்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் போன பிறகு பூட்ஸைத் துடைத்தேன். நம்பர் ஐந்து. இங்கே அவ்வளவு சின்னக் கால் வேறு யாருக்கும் இல்லை. மேல் தட்டில் வைத்தேன்.