போர்த்திய மேசைகள்

அன்புள்ள டெல்மர்,

நெஞ்சுவலி இல்லையே? மாத்திரையை மறக்காதீர்கள். அமரில்லோ நகரில் நான் சுகம்.

துப்பாக்கிச் சந்தையில் இப்போது கண்ணில் படுவது காலுறையும் உப்புக்கண்டமும்தான். உங்கள் அறுவை சிகிச்சையன்று சந்தை மூடும் நேரத்துக்கு முன்பே மூட்டை கட்டினேன் என்று என் மேசையைக் கழிப்பறையோரம் தள்ளினானே, சந்தை நடத்துகிற ராய்ஸ், என் வாசலோர இடத்தை மெழுகுவர்த்திக்காரிக்குக் கொடுத்திருக்கிறான்.

இன்று கதவு திறந்ததும் துப்பாக்கி வியாபாரிகள் நாங்கள் எல்லோரும் எனக்காக, ராத்திரி மூடுகிற போர்வையை மேசைமேல் போர்த்திவிட்டோம். வந்தவர்கள், "எங்கய்யா துப்பாக்கி?" என்று ராய்ஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னம்மா இது, எடுங்க!" என்று ஓடிவந்தான்.

"மூட்டைதானேப்பா கட்டக் கூடாது? போர்த்தக் கூடாதுன்னு நீ சொல்லலியே!" என்றேன்.

என் இடம் திரும்பக் கிடைக்கும்வரை எடுக்க மாட்டேன். என் மேசைமேல் கிடப்பது நம் கட்டில் போர்வை. விடுதியில் குளிர்கிறது, இன்னொன்று அனுப்புங்கள். அதோ, ராய்ஸ் மறுபடியும் கெஞ்ச வருகிறான்.

உங்கள் ஓபல்