கையுறை போட்டுத் துவைத்த சட்டைகள்

ஊரே மெச்சிய வெள்ளைச் சட்டைக்காரர், என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. நம் ஊர் பத்தாங் காலியில் இப்போது மத்தியானமானால் மழை. துணி ஒன்றும் சரியாகக் காய்வதில்லை. உங்கள் பேத்தி பிரியாவுக்குக் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உங்கள் படத்துக்கு மாலை வாங்கி வந்து போட்டார்கள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் அப்பா. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது, அதனால் பிரியாதான் பிழை திருத்தினாள். பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டாள். "ஏன்மா இதெல்லாம் ஊருக்குச் சொல்றீங்க? வெட்கமா இல்லையா?" என்றாள். வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன் என்றேன்.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று, வந்த பெண்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "செம்பனைக் காட்டுல வேலை செஞ்ச மனுசன். சட்டையில ஒரு கறை பார்த்திருப்போமா? பெத்தா இப்படி மகளைப் பெக்கணும் லா." நான் தலையை ஆட்டினேன். அவ்வளவு அழுகையிலும் அது எனக்கு இனித்தது. அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இத்தனை பேர் முன்னால் எழுதுகிறேன்.

நம் வீட்டில் மூன்று சோப்பு இருந்தது, உங்களுக்குத் தெரியும். பிரியாவின் ஆபீஸ் துணிக்கு வாசனை போட்ட தண்ணிச் சோப்பு. எனக்கும் உங்கள் மருமகனுக்கும் கடைத் தூள். உங்களுக்கு மட்டும் பழைய பிஸ்கட் டின்னில் தனித் தூள். எல்லார் துணியும் மெஷினில் சுற்றும். உங்கள் துணி மட்டும் வெளியே, வாளியில்.

காரணம் உங்கள் வாடைதான். அதை இப்போதுதான் எழுத வருகிறது. அறுபத்தெட்டு வயதிலும் சும்மா இருக்க மாட்டேன் என்று பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்குப் போகும் உதிரிப் பழம் பொறுக்கப் போனீர்கள். புளித்த செம்பனைப் பழமும் உரமும் வேர்வையும் சேர்ந்த அந்த வாடை கடைத் தூளுக்குப் போகவில்லை. சுங்கை ஆயர் தாவாரில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அதே வாடையில்தான் நான் வளர்ந்தேன். டவுன் வீட்டுக்கு வந்ததும் எனக்கு மூக்கு முளைத்துவிட்டது.

நான் வேலை செய்யும் டோபிக் கடையில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்க, சோடா மாதிரி ஒரு காரத் தூள் உண்டு. மூட்டை அடியில் மிஞ்சியதை ஒரு நாள் அள்ளி வந்தேன், அப்புறம் டின் காலியாகும்போதெல்லாம். உங்கள் சட்டையை அதில் ஊறவைத்தேன். அரை மணியில் கறையும் இல்லை, வாடையும் இல்லை. நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒட்டுக்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய், "ஆஸ்பத்திரித் தூளுல எனக்குத் துவைக்கிறா என் மவ. டாக்டருக்கும் எனக்கும் ஒரே சோப்பு, பார்த்துக்கோ!" என்று உங்கள் சிநேகிதர் முனியாண்டி மாமாவிடம் பெருமை பேசினீர்கள்.

டோபியில் அந்தத் துணியை மெஷின் நாலு தரம் அலசும். கடைசித் தண்ணீரில் காரத்தை முறிக்கப் புளிப்பு மருந்து ஊற்றுவார்கள். அது எனக்குத் தெரியும். எட்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். வீட்டில் ஒரே அலசல்தான் அலசினேன். மாதம் ஒரு தரம் தண்ணீர் வெட்டு, வேலை முடிந்து வந்த இடுப்பு வலி, ஏதோ ஒன்று. புளிப்பு மருந்தும் இல்லை.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது அப்பா. அந்தத் தூள் பட்டால் கை எரியும். அதனால் நான் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் உங்கள் சட்டையைத் துவைத்தேன். என் கைக்கு ஆகாது என்று தெரிந்த எனக்கு, உங்கள் முதுகுக்கு ஆகுமா என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் சொறிய ஆரம்பித்தீர்கள். "வேர்க்குரு லா, வெயிலு" என்றீர்கள். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சாத்தானே! வாய்க்குப் பதில் சொல்ல வேணாம், போய்க் குளிங்க." நீங்கள் ஒரே நாளில் இரண்டாவது தடவை குளித்துவிட்டு வந்து, அதே தூளில் வெளுத்த துண்டால் துடைத்துக்கொண்டீர்கள்.

பிரியாவைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் கையெல்லாம் கீறல். முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டு உங்களைக் கதவோர நாற்காலியில் உட்காரவைத்தேன். சம்பந்தியம்மா உங்கள் கழுத்தைப் பார்த்து, "தாத்தாவுக்கு என்ன?" என்று கேட்டார். "தோட்டத்துல மருந்து அடிச்ச உடம்பு, அப்படித்தான்" என்று சிரித்தேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

சில நாள் நீங்கள் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வருவீர்கள். மழையே இல்லாத நாளில். "சின்னப் பிள்ளையா நீங்க? எங்க போய் நனைஞ்சீங்க?" என்று கத்துவேன். நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முனியாண்டி மாமா ஞாபகத்துக்கு உங்கள் சட்டை ஒன்று கேட்டார். நீல வரி போட்டதை எடுத்தேன். சிநேகிதருக்குப் போகிறது, பளிச்சென்று இருக்கட்டும் என்று டின்னைத் திறந்து, கையுறை போட்டுத் துவைத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"தாயி, உங்கப்பன் உசுரோட இருக்கையிலயும் என்னைய விட்டதில்ல. செத்தும் கடிக்கிறான் பாரு!"

நான் சிரிக்கப் போனேன். அவர் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "சட்டை கடிக்குதுன்னு அவன் சொன்னப்ப நான் நம்பல லா. வாரத்துக்கு ரெண்டு தரம் எங்க வூட்டுப் பின்னாடி பைப்புல சட்டையக் கழட்டி அலசுவான். அப்படியே பிழிஞ்சு போட்டுக்குவான். மவகிட்டச் சொல்லேன்டான்னா, 'ஆசையா வெளுத்துக் குடுக்குது, மனசு ஒடஞ்சிரும், வாயத் தொறக்காத'ம்பான்."

ஆசையாகவா அப்பா? வாடை பிடிக்காமல் செய்ததை நீங்கள் ஆசை என்று எடுத்துக்கொண்டீர்களா? இல்லை, தெரிந்துதான் அப்படிச் சொன்னீர்களா?

உங்கள் உயிரை எடுத்தது நெஞ்சு வலிதான், தூள் இல்லை என்று உங்கள் மருமகன் சொல்கிறார். உண்மைதான். செத்ததுக்கு நான் பொறுப்பில்லை. அந்தத் தூளோடு நீங்கள் இருந்த இரண்டு வருடத்துக்கு?

மீதித் தூளை டோபியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் எதற்கு எடுத்தாய் என்று திட்டினார். கேட்டுக்கொண்டேன். வீட்டில் இப்போது ஒரே சோப்பு, மூடியில் போட்டிருக்கும் கோட்டு அளவுக்குத்தான், எல்லாருக்கும் மூன்று அலசல். நீல வரிச் சட்டையை வெறுங்கையால் திரும்பத் திரும்ப அலசினேன். காய்ந்ததும் நானே ஒரு நாள் முழுக்க வெறும் உடம்பில் போட்டுக்கொண்டு சமைத்தேன், கூட்டினேன், படுத்தேன். எங்கேயும் அரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாமாவிடம் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் அவன் வாடை கொஞ்சம் வருது" என்றார். எனக்கும் வந்தது அப்பா. புளித்த பழ வாடை. அந்த இடத்தை விட்டு நகர மனசில்லாமல் நின்றேன்.

இனி யார் துணியானாலும் என் வெறுங்கை பொறுத்துக்கொண்டதைத்தான் கொடியில் போடுவேன். என் வீட்டில் யார் சொறிந்தாலும் குளித்தாயா என்று கேட்க மாட்டேன், சட்டையைக் கழற்றிக் கொடு என்பேன். இது உங்கள் முதுகுமேல் சத்தியம்.

கையுறையைக் கழற்றிவிட்ட,
உங்கள் மூத்தவள் சரசு