இறந்தவன் கப்பல் ஏறுவதில்லை

ரிச்மண்ட், வர்ஜீனியா
1979 பிப்ரவரி 18

அன்புள்ள லொரீன் அக்காவுக்கு,

ஆல்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம். கிளைட் அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா என்று சென்ற இரு கடிதங்களிலும் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. இம்முறையாவது மறவாமல் எழுதவும்.

கில்மோர் குடும்பக் கூடுகை ஆகஸ்டு 4, சனிக்கிழமை, மலைமேல் உள்ள பழைய இடுகாட்டில் நடைபெறும். அயர்லாந்திலிருந்து இந்த மண்ணுக்கு முதலில் வந்த நம் மூதாதை ஹியூ கில்மோரின் குழிமேல் இன்றுவரை இருப்பது இரண்டு எழுத்துகள் கீறிய ஓர் ஆற்றுக்கல். அதனருகே முறையான கல் ஒன்றை அன்று நாட்டக் குழு தீர்மானித்துள்ளது. பொறிக்கவேண்டிய வாசகம் ஜூன் 15-க்குள் கல்தச்சரின் கைக்குப் போகவேண்டும். எழுதும் பொறுப்பு என்னுடையது.

குழுத் தலைவர் நம் பெரியப்பா மகன் டப் அண்ணன். அவர் கூட்டத்தில் சொன்னது: "அயர்லாந்து ராஜா வம்சம்னு போட்டுருடா ஆல்டன். எந்த ராஜா வந்து கேக்கப் போறான்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

நிலங்களுக்கு வில்லங்கம் பார்ப்பது என் தொழில். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர்வரை ஒரு கைமாற்றம் விடுபட்டிருந்தாலும் நான் கையெழுத்திடுவதில்லை. மனிதர்களுக்கு வேறு விதி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஹியூவின் பெற்றோரைத் தேடுகிறேன். இதுவரை கையில் இருப்பவை மூன்று. 1753-இல் அவர் நம் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிய பத்திரம். 1771-இல் ஓர் எல்லை வழக்கில் அவர் அளித்த சாட்சியம். அதில் "வயது நாற்பது அல்லது அதையொட்டி" என்று எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது அவருடைய உயில். அதன்படி மூத்த மகனின் பெயர் ஜேம்ஸ். அயர்லாந்திலிருந்து வந்த அந்த மக்கள் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரைத் தவறாமல் வைப்பவர்கள். ஆகவே ஹியூவின் தந்தை ஜேம்ஸ் ஆகத்தான் இருக்கவேண்டும்.

அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவச் சபையின் பழைய பதிவேட்டில் அப்படி ஒரு ஜேம்ஸ் கில்மோர் இருக்கிறார். அவருடைய தந்தையின் பெயர் ஹியூ. அப்பதிவேட்டைக் காத்து வருபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை மிஸ் ஹனா கிரேக். அவருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதியுள்ளேன்: 1720 முதல் 1732 வரை இந்த ஜேம்ஸின் மகன் ஹியூ என்பவனுக்கு ஞானஸ்நானம் நடந்ததா? கேள்வி துல்லியமாக இருந்தால் பதிலும் துல்லியமாக இருக்கும்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, கல்லறைகளைத் துலக்கிப் பூவைக்கும் நாளுக்கு வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வாண்டும் இயலாது. அலுவல் மிகுதி.

அன்புடன்,
ஆல்டன் ரே கில்மோர்


சீடர் ரன்
1979 மார்ச் 4

என் அன்புத் தம்பிக்கு,

அத்தான் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு முதல்நாள் வலிக்கிறது, மறுநாள் "நான் எப்ப வலிக்குதுன்னேன்?" என்கிறார். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு கடிதத்திலும் விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "உன் தம்பி லெட்டர் எழுதுறானா, சம்மன் அனுப்புறானா?" என்றார். எனக்கும் ஒரு குறை உண்டு. என்னை 'நீங்கள்' என்று எழுதாதே. உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

இங்கே பனி இன்னும் வேலியோரம் கிடக்கிறது. சபை விருந்துக்கு நான் சுட்ட, பன்றியிறைச்சி வைத்த ஹாம் பிஸ்கட்டை டப் ஒன்பது தின்றான். எண்ணியது நான் இல்லை, அவன் மனைவி.

ஜூனில் அலுவல் மிகுதி என்கிறாய். போன ஆண்டுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அதே இரண்டு சொற்கள். அதற்கு முந்திய ஆண்டும் அவையே. அம்மாவை அடக்கம் செய்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்றுகூட நீ தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாய். குழிவரை வரவில்லை. ஊரார் கேட்டதற்கு, "அவனுக்கு மயக்கம்" என்று நானே சொன்னேன். கடல் கடந்து கிடக்கிற பதிவேட்டைப் பற்றி விசாரிக்கிறவன், அம்மா கல்லின் பாசியைத் தேய்க்க ஒரு ஞாயிறு தரக்கூடாதா?

நீ ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும், ஆல்டன். நீயாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

உன் அக்கா,
லொரீன்


ரிச்மண்ட்
1979 ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு இப்போது பதில் எழுதவில்லை. பொறுத்தருளவும்.

ஏப்ரல் 9-ஆம் நாள் மிஸ் கிரேக்கின் கடிதம் வந்தது. 1726 மார்ச் மாதம், ஜேம்ஸ் கில்மோரின் முதல் மகன் ஹியூவுக்கு ஞானஸ்நானம். பதிவேட்டின் தையல் இற்றுப்போயிருப்பதால், வேண்டிய பக்கத்தைக் கண்டதும் மூடி வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். அன்று நான் அலுவலகத்திலிருந்து நடந்தே வீடு திரும்பினேன். நான்கு மைல். பேருந்தில் ஏற மறந்துவிட்டேன் என்பதே வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு உறை. கடிதம் அனுப்பிய பிறகு, சபையின் கல்லறைத் தோட்டத்தில் குப்புறக் கிடந்த ஒரு கல்லை இரண்டு ஆட்களைக்கொண்டு புரட்டி, மண்ணைக் கழுவிப் புகைப்படம் எடுத்திருக்கிறார். அதிலுள்ளது: "ஜேம்ஸ் கில்மோரின் மகன் ஹியூ. 1729. வயது 3."

அட்டவணையில் ஜேம்ஸுக்கும் ஹியூவுக்கும் இடையே நான் இழுத்திருந்த கோட்டைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். டப் அண்ணனுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

"மூணு வயசுலயே செத்துட்டானா? அப்ப நாமெல்லாம் யாருடா, பேய்க்குப் பொறந்தவங்களா?"

"வேறு ஏதோ ஒரு ஹியூவுக்குப் பிறந்தவர்கள், அண்ணா."

"அந்த ஹியூவே இருந்துட்டுப் போகட்டுமே. கல்லுல ஜேம்ஸ் மகன்னு போட்டுரு. செத்தவன் வந்து இல்லைம்பானா?"

"இறந்தவன் கப்பல் ஏறுவதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் ஓயப்போவதில்லை. ஆண்ட்ரிமில் இன்னும் பதினொரு சபைகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் இவ்வாரம் எழுதிவிட்டேன். ஜூன் 15-க்குள் வேறு ஜேம்ஸ் கிடைக்காவிடில் பெற்றோர் வரி வெறுமையாக விடப்படும். யாருடைய மகன் என்று தெரியாதவராக அவர் இன்னும் இருநூறு ஆண்டு கிடப்பார். அது எனக்குத் தோல்விதான். பொய்யைப் பொறிப்பதைவிட அது மேல்.

அன்புடன்,
ஆல்டன்


சீடர் ரன்
1979 மே 6

அன்புத் தம்பி,

நீயாகச் சொல்லட்டும் என்று இனியும் இருக்க முடியாது. பதினொரு சபைக்கு எழுதியவன் உன் அக்காவுக்கு எழுதியிருக்கலாம்.

நேற்று தேவாலயத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா கல்லுக்கு இடப்பக்கம், என் முழங்கால் உயரத்தில் ஒரு கல் உண்டு. அதன்மேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். இத்துடன் இருக்கிறது. மடிப்பைப் பார்த்துப் பிரி.

"ஆல்டன் ரே கில்மோர். 1924 – 1927."

எனக்கு அப்போது ஏழு வயது. தொண்டை அடைப்பான் நோய், நான்கு நாள். இரண்டு ஆண்டு கழித்து நீ பிறந்தாய். உன்னைப் போர்வையில் சுற்றி வைத்திருந்த அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

அப்பா சொன்னார்: "எங்கப்பா பேரு இந்த வீட்டுல இருக்கணும்."

அம்மா சொன்னாள்: "அந்தப் பேரு ஏற்கெனவே ஒரு கல்லுல இருக்கு."

"கல்லுல மட்டும் இருந்தாப் போதாது."

அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஓர் ஆண்டுவரை உன்னை அந்தப் பெயர் சொல்லி அவள் அழைத்ததில்லை. "பையா, பையா" என்பாள். நடக்கத் தொடங்கிய நாளில் நீ கணப்படுப்பில் கை வைக்கப் போனாய். "ஆல்டன்" என்று அவள் அலறிய அலறலில் பால்சட்டி என் கையிலிருந்து விழுந்தது. அன்றிலிருந்து அது உன் பெயர். அவனுடையதை எடுத்து உனக்குக் கொடுத்ததாக நீ நினைக்கிறாய். நான் அங்கே இருந்தவள், சொல்கிறேன். அவள் அன்று கூப்பிட்டது உன்னைத்தான்.

உன் அயர்லாந்துக்காரர்கள் பாட்டன் பெயரை விடாதவர்கள் என்று நீயே எழுதினாய். அந்த ஜேம்ஸின் அப்பா பெயர் ஹியூ என்றும் எழுதினாய். மூன்று வயதில் அந்தப் பெயர் மண்ணுக்குள் போனால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இதை எனக்கு எந்தப் பதிவேடும் சொல்லவேண்டாம்.

பெயரும் தகப்பனும் ஒத்து, சிறுவயதில் இறந்ததாக ஒரு கல்லும் இருந்தால் நீ சிவப்பு மையை எடுப்பாய். அந்த விதிப்படி ஆல்டன் ரே கில்மோர் 1927-இல் இறந்துவிட்டான். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கடிதம் எழுதுவது யார்?

உன்
லொரீன்


ரிச்மண்ட்
1979 மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் படியும் கிடைத்தன. படியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் திறந்து எடுத்தேன். இப்போது மேசைமேல் உள்ளது.

அந்தக் கல்லை நான் கண்டபோது எனக்கு ஆறு வயது. எழுத்துக்கூட்டப் பழகிய புதிது. பெரியவர்கள் பூவைத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் பிறர் உதவியின்றி நானே முழுதாகப் படித்த முதல் வாசகம், என் பெயரும் நான் இறந்த ஆண்டும். யாரிடமும் கேட்கவில்லை. வேறொருவனின் இடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு இரும்புக் கதவைத் தாண்டியதில்லை. அலுவல் மிகுதி என்று நான் எழுதியது உண்மையல்ல. திருத்திக்கொள்கிறேன்.

ஹியூவைப் பொறுத்தவரை, உங்களுடையது ஊகம். ஊகம் ஆதாரமாகாது. ஆனால் என் ஆதாரத்திலும் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. 1726-இல் பிறந்தவருக்கு 1771-இல் நாற்பத்தைந்து வயது. சாட்சியம் நாற்பது என்கிறது. "அதையொட்டி" என்ற சொல்லின்மேல் ஐந்து ஆண்டுகளைச் சாய்த்துவைத்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். கல்லின் படம் வந்த நாளிலாவது அந்தக் கணக்கை மறுபடி பார்த்திருக்கவேண்டும். பெயர் பொறித்த ஒரு சிறு கல்லைக் கண்டதும் கோப்பை மூடிவிட்டேன். அலுவலகத்தில் என்கீழ் வேலைசெய்யும் ஒருவர் இதைச் செய்திருந்தால், விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.

மிஸ் கிரேக்குக்கு இன்று மறுபடி எழுதினேன். 1729 முதல் 1732 வரை ஒவ்வொரு பக்கமும் பார்க்கவேண்டும், ஓரக் குறிப்புகள் உட்பட. பதிவேட்டின் தையலுக்காக மன்னிப்பும் கேட்டுள்ளேன்.

ஆல்டன்


ரிச்மண்ட்
1979 ஜூன் 5

அன்புள்ள லொரீனக்கா,

மிஸ் கிரேக்கின் பதில் நேற்று வந்தது. அந்த அம்மாள் பேசுகிறபடியே எழுதுகிறவர். அப்படியே தருகிறேன்: "நீங்க ஒரு ஹியூவைக் கேட்டீங்க, ஒரு ஹியூவைக் குடுத்தேன். ரெண்டாவது உண்டான்னு கேட்டிருந்தா அன்னிக்கே பக்கத்தைப் புரட்டியிருப்பேனே, சார். இங்க யாரும் தாத்தா பேரைத் தரையில விட மாட்டோம். எங்க அப்பா கூடப்பொறந்தவங்கள்ல மூணு ராபர்ட். வளர்ந்தது மூணாவது."

1731 செப்டம்பர் 19. ஜேம்ஸ் கில்மோரின் மகன் ஹியூவுக்கு ஞானஸ்நானம். ஓரத்தில் வேறு கையெழுத்தில்: "1750 மே. நற்சான்று பெற்றுப் பென்சில்வேனியா சென்றான்." பென்சில்வேனியாவில் இறங்கி நம் பள்ளத்தாக்குக்கு வருவதே அந்நாளைய வழி. எல்லை வழக்கில் சாட்சி சொன்னது 1771 நவம்பர். வயது நாற்பது. அதையொட்டி அல்ல, சரியாக நாற்பது.

சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. அது முதல் ஹியூவுக்கு உரியது. அதன் பக்கத்தில் இரண்டாவது கோடு ஒன்று கறுப்பு மையில் இழுத்தேன். பிறகு அட்டவணையின் கடைசித் தாளுக்கு வந்தேன். அங்கே நம் பெற்றோருக்குக் கீழே இருபத்திரண்டு ஆண்டுகளாக இரண்டு பெயர்களே இருந்தன, உன்னுடையதும் என்னுடையதும். நடுவில் ஒரு கட்டம் வரைந்து, ஆல்டன் ரே, 1924 – 1927 என்று எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில், "லொரீன் எடுத்த பென்சில் படி, அவள் நேரில் கண்டவள்" என்று குறித்திருக்கிறேன்.

கல்லின் வாசகம் கல்தச்சருக்குப் போய்விட்டது. "ஹியூ கில்மோர். ஆண்ட்ரிம், ஜேம்ஸ் கில்மோரின் மகன். அப்பெயரில் இரண்டாமவர்." டப் அண்ணன் தொலைபேசியில், "கடைசி வரி எதுக்குடா? யாரு கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லை, அது இருக்கட்டும் என்றேன். "வம்சத்துக்கே பிடிவாதம்" என்றார். அதற்கு ஆதாரம் போதுமான அளவு உள்ளது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரும்புக் கதவருகே இருப்பேன். வாளியும் நார்த்தூரிகையும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன். அத்தானைக் குனியவிடாதே. அம்மாவின் கல்லை நீயும் நானும் சேர்ந்து துலக்கலாம்.

பக்கத்திலுள்ள சின்னக் கல்லை மட்டும் நான் வரும்வரை யாரும் தொடவேண்டாம். நீயும் தொடாதே. அது என் வேலை.

உன் தம்பி,
ஆல்டன் ரே கில்மோர்,
அப்பெயரில் இரண்டாமவன்